மஞ்சள் ஏறாத தட்டு

பணி ஓய்வுக்கு மூன்று வாரம் இருந்த ஆய்வுக்கூட டெக்னீஷியன் அம்மாவிடம், ஆய்வு மாணவர் ஒருவர் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். இன்டர்ஃபெரான்-காமா விட்ட மனித எலும்பு மஜ்ஜை மெசன்கைமல் ஸ்டெம் செல்களில் ஐடிஓ என்ற நொதியின் ஆர்என்ஏ கிடுகிடுவென ஏறியிருந்தது.

“புரோட்டீன் பாத்தியாப்பா?”

“ஆர்என்ஏ ஏறினா புரோட்டீனும் ஏறத்தானே மேடம் செய்யும்?”

புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டை 28 வருஷம் போட்டவருக்கு அந்தப் பதில் சுருக்கென்று தைத்தது.

மில்லிக்கு 50 நானோகிராம் இன்டர்ஃபெரான்-காமா விட்டால், அரைமணிக்குள் ஸ்டாட்1 என்ற புரதம் பாஸ்பேட்டை ஏற்றுக்கொண்டு உட்கருவுக்குள் நுழைந்துவிடும். அதைப் பிடிக்கத் தட்டு ஐஸ் மேல் இருக்க வேண்டும். பாஸ்பட்டேஸ் தடுப்பானை அந்த நேரத்தில்தான் கலக்க வேண்டும். நேற்றுக் கலந்ததை இன்று ஊற்றுகிறவர்களை அவர் மன்னித்ததே இல்லை. ஐடிஓவுக்கோ பொறுமை வேண்டும். சும்மா இருக்கும் செல்லில் அது அநேகமாகத் தென்படாது. 45 கிலோடால்டன் பக்கம் பட்டை நன்றாக விழ ஒரு நாளாவது ஆகும்.

அவரை முன்பு ஒரு வருஷம் தூங்கவிடாமல் அடித்தது அந்த ஐடிஓதான். அது வேலை செய்தால் டிரிப்டோஃபேன் கைனுரெனினாக மாறும். செல்லுக்கு மேலே நிற்கும் மீடியத்தை எடுத்து, டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் விட்டுப் புரதத்தைப் படியவைத்து, தெளிவில் எர்லிக் ரீஏஜென்ட் கலந்தால் குழியில் மஞ்சள் ஏற வேண்டும். ஏறவில்லை. ஆன்டிபாடியை மாற்றினார். புது இன்டர்ஃபெரான் வாங்கினார். மைக்கோபிளாஸ்மா தொற்று இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தார். அப்புறம்தான் தன் நோட்டைப் புரட்டினார்: வெளிறிய தட்டு ஒவ்வொன்றும் நைட்ரஜன் கலனிலிருந்து எடுத்து உருக்கி அன்றே இன்டர்ஃபெரான் விட்ட செல்லுடையது. அதே செல்லை வளரவிட்டு மறுபடி செய்தார், பளிச்சென்று மஞ்சள். உருக்கிய கையோடு இந்தச் செல்கள் இன்டர்ஃபெரானுக்குச் சரியாக மசிவதில்லை, ஒரு நாள் வளர்த்தால் தேறிவிடுகின்றன என்று 2012இல் ஓர் ஆய்வும் வந்தது.

இது ஆய்வுக்கூடத்தோடு முடிகிற விஷயம் இல்லை. மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பின், தானம் வந்த செல்களே உடம்பைத் தாக்கும் நோயாளிகளுக்கு, அந்தத் தாக்குதலை அடக்க இந்தச் செல்களை ஏற்றுகிறார்கள், பல இடங்களில் உருக்கிய சூட்டோடு. எலியில் பார்த்தோமே என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. எலிச் செல் அடக்கும் வேலைக்கு ஐடிஓவை நம்புவதில்லை, நைட்ரிக் ஆக்சைடை நம்புகிறது. இதையெல்லாம் கருத்தரங்கில் சொன்னால், “அது டெக்னீஷியன் சமாசாரம்” என்று ஒதுக்குகிறார்கள். கிட் வாங்கி, அது தரும் எண்களை வாங்கி, தட்டைக் கண்ணால் பார்க்காமலே கட்டுரை எழுதுகிற காலம் இது என்று அவருக்கு மனசு ஆறவில்லை.

“செல்லை எப்ப உருக்கின?” என்று மாணவரிடம் கேட்டார்.

மாணவர் தன் நோட்டில் தேடினார். தேதி எழுதியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் புதுக் குப்பி ஒன்றை உருக்கினார்கள். தேதியையும் மணியையும் மாணவரே தட்டின் மூடியில் எழுதினார்.