வெங்காயத்துக்குக் கட்டிய வீடு

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் ஆலத்தூர் கேட்டில் இறங்கி மேற்கே திரும்பினால், செட்டிகுளத்துக்கு முன்னால் அதன் மலை வந்துவிடுகிறது. பாறைக் குன்றுதான். உச்சியில் தண்டாயுதபாணி, பழனியில் கோலூன்றி நிற்பவர் இங்கே கரும்பு ஏந்தி நிற்கிறார். கீழே ஊருக்குள் ஏகாம்பரேசுவரரும் காமாட்சியும். தகப்பன் கிழக்கே பார்க்க, மகன் மேற்கே பார்க்கிறார். நடுவில் ஊர்.

சிவன் கோயிலில் ராசிக்கு ஒரு குபேரன் சிற்பம் உண்டு. அவரவர் ராசியைத் தேடிக் கூட்டம் அலைகிறது. நானும் என் ராசிக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்தேன். நான் தேடி வந்தது வீடுகளை.

தெருக்களில் ஓட்டு வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் வரிசையாக இல்லை. இரண்டு ஓட்டு வீடு, ஒரு மாடி வீடு, பூட்டிய ஒரு வாசல், மறுபடி ஓடு என்று போகிறது. ஒரு திண்ணையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மரத்தூணின் அடிப்பகுதி அவர் முதுகு பட்டே வழுவழுப்பாகியிருக்க வேண்டும். “குரங்குதான் தம்பி எதிரி” என்றார். “ஓடு ஒண்ணு நகந்தாப் போதும், ரெண்டு மழையில கைமரம் உளுத்துப்போவும். ஓடு மாத்துற ஆளு இப்ப எங்க இருக்கு? மவன் தளம் போட்டுக்கலாங்கறான்.” அவர் சொன்ன தொனியில் வருத்தம் பெரிதாக இல்லை. பழைய வீட்டைப் பார்த்து உருகுவதெல்லாம் அதில் ஒழுகும் ராத்திரியைக் கழிக்காதவர்களின் வேலை போலிருக்கிறது.

ஊர் எல்லை தாண்டியதும் வேறு வகை வீடுகள் தொடங்கின. வெங்காயப் பட்டறைகள். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன பூமி இது. செட்டிகுளம், நாட்டார்மங்கலம், இரூர், பொம்மனப்பாடி என்று சுற்றுவட்டாரம் முழுக்க அதே பேச்சுதான். பட்டறை என்பது அறுத்த வெங்காயத்தைப் போட்டுவைக்க நீளமாக, ஆனால் அகலம் குறைத்துக் கட்டுவது. தரையில் கல்லை அடுக்கி, மேலே கம்புகளைப் பரப்பி அடித்தளம் எழுப்புகிறார்கள். காற்று கீழிருந்தும் ஏற வேண்டும். பக்கங்களில் இடைவெளி விட்டுத் தடுப்பு. மேலே கீற்று, இப்போது பல இடங்களில் அதன்மேல் தார்ப்பாயும். அகலம் கூடினால் நடுவில் இருக்கும் காய் புழுங்கி அழுகும். ஒரு காய் அழுகினால் பக்கத்துக் காயும் போகும். அதனால்தான் ஒல்லியான உடம்பு. ஆணி அடித்த இடத்தைவிடக் கயிறு கட்டிய இடமே அதிகம். பட்டறை காலியானால் அவிழ்த்து வைத்துக்கொள்ளலாம்.

மனிதருக்குக் கட்டிய ஓட்டு வீட்டுக்கு ஆள் கிடைப்பதில்லை. வெங்காயத்துக்குக் கட்டும் வீட்டின் கைப்பக்குவம் மட்டும் இங்கே விட்டுப்போகவில்லை. காரணம் பாசமில்லை, பணம். அறுத்தவுடன் விற்றால் மண்டிக்காரர் சொன்னது விலை. பட்டறையில் போட்டால் சில மாதம் பொறுக்கலாம். எடை காய்ந்து குறையும், கொஞ்சம் அழுகும், முளைக்கும். அந்த இழப்பை விலை ஏற்றம் ஈடுகட்டும் என்ற நம்பிக்கையில் செய்யும் சூதாட்டம் இது. 2019 டிசம்பரில் விலை கிலோவுக்கு நூறு ரூபாயைத் தாண்டி ஓடியபோது, இந்த மாவட்டத்தில் நடவுக்கு வைத்திருந்த விதை வெங்காய மூட்டைகளே வயலில் திருடுபோனது செய்தியானது. விலை சரிந்த வருடங்களில் அறுவடைக் கூலிக்கே கட்டாமல் போகும். அந்தக் கதை செய்தியாவது குறைவு.

வேப்பமர நிழலில் நாலைந்து பெண்கள் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. என் கண்தான் எரிந்தது. தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த பட்டறைக்காரரிடம், எப்போது பிரிப்பீர்கள் என்று கேட்டேன்.

“வெல வரட்டுங்க. வரலன்னா என்ன, அடுத்த பட்டத்துக்கு இதையே நட்டுக்க வேண்டியதுதான்.”