லெதரை வெட்டலாமா?

ஆம்பூரில் காலை நேரத்தில் டிபன் பையோடு ஷூ கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். அவர்களில் ஒருவரின் மகள் அவர். எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, 'நெட்' தேர்விலும் தேறி, கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர் ஆனார். பி.காம். மாணவர்களுக்கு பிசினஸ் கம்யூனிகேஷன் நடத்த வேண்டும்.

கடிதத்தில் தேதி எங்கே, முகவரி எங்கே, கையெழுத்து எங்கே... புத்தகத்தில் இருந்ததை நடத்தினார்.

ஒருநாள், மாலையில் ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கும் மாணவன் செல்போனை நீட்டினான்.

"மேடம், சாம்பிள் 'க்வைட் குட்'னு லண்டன் பையர் மெயில் போட்டிருக்கார். லெதரை வெட்டச் சொல்லிடலாமா?"

"நல்லாயிருக்குன்னுதானே சொல்றார்" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தும் மனசு உறுத்தியது. அகராதியைத் தேடினால் தூக்கிவாரிப்போட்டது. அமெரிக்கர் சொன்னால் அது பாராட்டு. பிரிட்டிஷ்காரர் சொன்னால் பல நேரங்களில் 'ஏதோ பரவாயில்லை'!

"ஆர்டர் திரும்பி வந்தா முதல்ல எங்க லைனுக்குத்தான்டி வேலை இருக்காது" என்றார் அம்மா.

உடனே மாணவனுக்கு போன் போட்டார். "வெட்ட வேணாம். எதை மாத்தணும்னு கேட்டு மெயில் போடு."

மறுநாள் பதில் வந்தது. ஷூவின் முன்பக்கம் இன்னும் கொஞ்சம் அகலமாக வேண்டுமாம்.

நம் ஊரில் இந்தப் பாடத்தை நடத்துபவர்கள் பெரும்பாலும் ஆங்கில இலக்கியமோ வணிகவியலோ படித்தவர்கள்தான். 'நெட்' ஆங்கிலப் பாடத்திட்டத்தில் நாடகம், கவிதை, விமர்சனம் என 10 அலகுகள். மொழிக்கும் அதைக் கற்பிப்பதற்கும் சேர்த்து ஒன்றே ஒன்று.

உதவிப் பேராசிரியர் ஆக பிஎச்.டி. கட்டாயமில்லை, நெட், செட் போன்ற தேர்வே குறைந்தபட்சத் தகுதி என்று 2023 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. ஆனாலும் அவர் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தார். தலைப்பு, தோல் ஏற்றுமதி மெயில்களில் வரும் ஆங்கிலம். மெயில்களைத் தர முதலில் தயங்கிய கம்பெனிகள், பெயரையும் விலையையும் அழித்துவிட்டுக் கொடுத்தன.

அடுத்த ஆண்டு புது வகுப்பு. 'க்வைட் குட்' வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினார்.

"லெதரை வெட்டலாமா, வேணாமா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"முதல்ல அவங்களையே கேட்டுடலாம் மேடம்."