காடு காணும் உரிமை

"மரத்தைப் பார்க்கவா விடுமுறை நாளிலே பேருந்து ஏறிப் போகிறாய்? ஊரிலே இல்லாத மரமா?" என்று கேட்கின்றனர், ஒரகடத்திலே என்னோடு பணிபுரியும் தோழர்கள். கேள்வியிலே கேலி இருக்கிறது. கேலிக்குள்ளே களைப்பும் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடு கொடுத்தவன், ஏழாம் நாள் பறவையைத் தேடுவானா, பாயைத் தேடுவானா? பாயைத்தான் தேடுவான். அவனைக் குறை கூறேன். ஆனால், அவனுக்குப் பாய் ஒன்றே மிஞ்சுவானேன் என்று கேட்காதிருக்கவும் என்னால் இயலவில்லை.

ஒரகடத்திலிருந்து கிழக்கே செல்லும் சாலையிலே, படப்பையையும் மண்ணிவாக்கத்தையும் கடந்தால் வண்டலூர். அங்கே காப்புக்காட்டின் நடுவே, 602 ஹெக்டேர் பரப்பிலே, அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இருக்கிறது. சென்னையின் விலங்குக் காட்சி 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலே தொடங்கிற்று. பின்னர் சென்ட்ரல் நிலையத்தருகே நெடுங்காலம் நெரிசலிலே நடந்தது. 1985-இல்தான் வண்டலூரின் விரிந்த வெளிக்கு வந்தது. கிண்டிக் காட்டின் கதையும் அறியத்தக்கதே. வெள்ளையர் ஆட்சியிலே அது வேட்டைக்காடு. துப்பாக்கி பிடித்தவனுக்கு அங்கே பொழுதுபோக்கு. விறகு பொறுக்கியவனுக்கு அங்கே தண்டனை! மக்களாட்சி வந்தபின், 1978-இல், அது தேசியப் பூங்காவாயிற்று. வெளிமானும் புள்ளிமானும் இன்று மாநகரின் நடுவிலே, ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டரிலே உலவுகின்றன. சீமானின் வேட்டைக்களம் பொதுச் சொத்தாவது சிறு மாற்றமா, தோழர்களே? பெரும்புரட்சி!

சென்ற தை மாதத்திலே, வண்டலூர்ப் பூங்காவின் ஓட்டேரி ஏரிக்கரையிலே அரை நாள் அமர்ந்திருந்தேன். கூண்டிலே அடைத்த பறவைகளல்ல, தாமே பறந்து வந்து தங்கும் பறவைகளுக்கு உரிய ஏரி அது. நீர்க்காகம் சிறகு விரித்து வெயில் காய்ந்தது. வக்கா, தவம் செய்பவர் போல் அசையாமல் நின்றது. மீன் வந்ததும் தவம் கலைந்தது! ஆனால், என் கண்ணைக் கட்டி நிறுத்தியது நத்தைக்குத்தி நாரை. அலகை மூடிய பின்னும் நடுவிலே ஓர் இடைவெளி தெரிகிறது. அளவுகோலும் கையுமாக நாள்தோறும் பொருள்களைச் சோதிக்கும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆலையிலே இரு பாகங்களுக்கிடையே அத்தகைய இடைவெளி தென்பட்டால், தயக்கமின்றித் தள்ளிவிடுவோம்!

அந்த நாரையோ நீர்நத்தையைப் பற்றி, கீழலகின் கூர்முனையை ஓட்டுக்குள் செலுத்தி, தசையை அறுத்து, சதையை இழுத்து விழுங்குகிறது. குஞ்சின் அலகிலே இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் அது தோன்றுகிறது. எவரும் உட்கார்ந்து வரைந்த உருவமன்று அது. உணவும் உடலும் எண்ணற்ற தலைமுறைகளாக ஒன்றையொன்று செதுக்கிய வரலாறு. டார்வின் 1859-இல் நூலாக எழுதியதை, அந்த ஏரிக்கரையிலே எழுத்தின்றிப் படிக்கலாம்.

இன்னொன்றும் கேளுங்கள். இரு பாம்புகள் பின்னிப் பிணைந்து நிமிர்ந்தால், "சாரையும் நல்லபாம்பும் கூடுகின்றன, மேலே துணி போட்டு எடுத்து வைத்தால் செல்வம் சேரும்" என்பர் நம் ஊர்ப் பெரியவர்கள். கூர்ந்து நோக்கியவர் கண்டது வேறு. பெரும்பாலும் அவை இரண்டுமே சாரைகள், இரண்டுமே ஆண்கள், நடப்பது கலவியன்று, மற்போர்! துணி போட்டவன் வீட்டிலே செல்வம் சேர்ந்திருந்தால், நாட்டிலே வறுமை இருந்திருக்குமா? வயலிலே எலியைத் தின்று உழவனுக்கு உதவும் சாரையை அச்சத்தால் அடித்துக் கொல்கிறோமே, அதுவன்றோ இழப்பு! மூடநம்பிக்கையை மேடையிலே சாடுகிறோம், சாட வேண்டியதே. காட்டிலே பொறுமையாக ஒருமணி நேரம் உற்றுநோக்கக் கற்றவன் உள்ளத்திலே அது தானே உதிர்ந்துவிடும்.

இந்தக் காடு அழியாத செல்வமும் அன்று. 2016 டிசம்பர் 12-இல் வீசிய வர்தா புயல், பூங்காவின் மரங்களைப் பல்லாயிரக் கணக்கிலே சாய்த்தது. 2021 சூனிலே கொரோனா தொற்றிய சிங்கங்கள் அங்கே மாண்டன. நம் நோய் அவற்றையும் தாக்கும். நாம் வீசும் நெகிழிப் பை அவற்றின் குடலையும் அடைக்கும். குரங்குக்குத் தின்பண்டம் எறிவதைக் கருணை என்று எண்ணுவோர், அதன் வாழ்வைக் கெடுக்கிறோம் என்பதை உணர வேண்டும்.

இனி, தோழர்களின் களைப்புக்கு வருகிறேன். எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நமக்கே என்று உலகத் தொழிலாளர் குரல் எழுப்பினர். 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையிலே மே நாள் கொண்டாடினார். நூறாண்டு கழிந்து, 2023 ஏப்ரலிலே, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்ட முன்வடிவு நம் சட்டமன்றத்திலே நிறைவேறிற்று. எதிர்ப்பு எழுந்தது, மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. அன்று காக்கப்பட்டது வெறும் நான்கு மணி நேரமா? மகனோடு பேசும் மாலை, நூல் புரட்டும் இரவு, நாரையை நோக்கும் காலை அத்தனையும் அந்த நான்கு மணிக்குள்ளே அடங்கியிருந்தன!

ஆகவே, சங்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலி உயர்வு கேட்கும் பட்டியலிலே இதனையும் சேருங்கள்: வைகறையிலே நம்மை விடுதி வாயிலில் ஏற்றிச் செல்லும் அதே ஆலைப் பேருந்து, மாதம் ஒருமுறை, ஊதியத்தோடு கூடிய ஓய்வு நாளிலே, குடும்பத்தோடு நம்மை வண்டலூருக்கு ஏற்றிச் செல்லட்டும். "இதுவும் ஒரு கோரிக்கையா?" என நகைப்பார்கள். எட்டு மணி நேரம் கேட்டபோதும் நகைத்தவர்கள்தாம் அவர்கள். கேளுங்கள், அழுத்தமாகக் கேளுங்கள்!