பச்சோந்தியும் அதன் எச்சமும்

கட்சி தாவும் அரசியல்வாதிகளுக்குப் பத்திரிகைகள் நெடுங்காலமாக வழங்கிவரும் பட்டம் 'பச்சோந்தி'. ஆசிரியபீடத்தில் அமர்ந்திருந்த ஆண்டுகளில் இந்தச் சொல்லைத் தாங்கிய தலைப்புகள் எத்தனை என் மேசையைக் கடந்து அச்சுக்குப் போயின என்பதற்குக் கணக்கில்லை. அந்தப் பிராணியோ ஆளுக்கேற்ப வேடம் போடுவதற்காக நிறம் மாறுவதில்லை. வெப்பம் தேவைப்படும்போது கறுக்கும். எதிரே இன்னொரு ஆண் வந்தால் பளபளக்கும். தோலிலுள்ள நுண்ணிய பளிங்குத் துகள்களின் இடைவெளி கூடிக் குறைவதாலேயே இந்த மாற்றம் நிகழ்கிறது என்று ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 இல் எடுத்துக்காட்டினார்கள். ஆனால் இன்று நான் எழுத வந்தது அதன் நிறத்தைப் பற்றியல்ல, அதன் எச்சத்தைப் பற்றி. முகம் சுளிக்கும் வாசகர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

ரொறன்ரோவில் வசிக்கும் என் மகளின் மகனுக்குப் பதினான்கு வயது. ஓராண்டாக ஒரு பச்சோந்தியை வளர்த்து வருகிறான். யேமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் இயற்கையாக வாழும் இனம் அது. தலையில் முக்காடிட்டது போன்று முகடு உயர்ந்திருப்பதால் ஆங்கிலத்தில் 'வெயில்ட் கமேலியன்' என்பார்கள். கூண்டிலேயே பொரித்து வளர்ந்த குஞ்சுகள் அங்கே கடைகளில் கிடைக்கின்றன. நமது நாட்டின் வரண்ட வலயத்திலும் ஒரு பச்சோந்தி இனம் உண்டு. அது சட்டத்தினால் பாதுகாக்கப்பட்டது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பூரண உடன்பாடு.

இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் அவன் தொலைபேசியில் அழைத்தான். குரலில் கலக்கம். "அம்மப்பா, வெள்ளையெல்லாம் ஒறேஞ்ச் ஆகிட்டுது" என்றான். கூடவே ஒரு படமும் வந்தது.

அவன் சொன்ன 'வெள்ளை' என்ன என்பதை அறிய யேமன் வரை போகத் தேவையில்லை. நம் வீட்டுச் சுவரோரத்தில் பல்லி இடும் எச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். கரிய சிறு துண்டு, அதன் நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு. கரியது மலம். வெள்ளைதான் சிறுநீர்! நாம் கழிவை யூரியாவாக நீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பல்லியும் ஓணானும் காகமும் அதை யூரிக் அமிலமாக்கி, பசை போல வெளியேற்றுகின்றன. நீரைச் சேமிக்கும் ஏற்பாடு இது. வாசலும் இரண்டுக்கும் ஒன்றே.

ஆகவே பச்சோந்தியின் எச்சத்தில் முதலில் பார்க்கவேண்டியது அந்த வெள்ளையைத்தான். தூய வெள்ளையாக, ஈரப்பசையோடு இருந்தால் பிராணிக்குப் போதிய நீர் கிடைக்கிறது. நுனியில் சிறிது மஞ்சள் தட்டினால் பதறவேண்டியதில்லை. முழுவதும் செம்மஞ்சளாகி, காய்ந்து, மணல் போலக் கரகரப்பானால் அது தாகத்தின் அடையாளம். தாகம் நீடித்தால் சிறுநீரகம் கெடும். யூரிக் அமிலம் மூட்டுகளிலும் உறுப்புகளிலும் படிந்துவிடும். மனிதரை வாட்டும் கவுட் நோயும் இதே அமிலத்தின் வேலைதான். வெள்ளை பச்சையாக மாறினால் ஈரலைப் பற்றியோ நீண்ட பட்டினியைப் பற்றியோ யோசிக்கவேண்டும்.

மலப்பகுதி கடும் கபில நிறத்தில், உருவம் குலையாமல் இருக்கவேண்டும். ஒருநாள் இளகிப் போவது பெரிய விடயமல்ல. தொடர்ந்து இளகி, நாற்றமும் எடுத்தால் குடலில் ஒட்டுண்ணிகள் இருக்கலாம். வெட்டுக்கிளியின் காலோ சிறகோ கிடப்பது வழமை. பூச்சி முழுதாகவே வெளிவந்தால் கூண்டில் வெப்பம் போதவில்லை என்று ஐயுறவேண்டும், ஏனெனில் இப்பிராணிக்கு உணவு செரிப்பது வெளிச்சூட்டின் தயவால்.

இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். பச்சோந்தி தன் நோயை மறைக்கும் பிராணி. காட்டில் பலவீனத்தைக் காட்டுவது எதிரிக்கு அழைப்பு விடுப்பதற்குச் சமம். எனவே இயன்றவரை கொம்பைப் பற்றிக்கொண்டு நலமாக இருப்பதாகவே காட்டிக்கொள்ளும். கண்கள் குழிவிழுந்து, பகலிலேயே அவற்றை மூடிக்கொண்டு, கொப்பிலிருந்து வழுக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பேட்டியில் முகமலர்ந்து பேசிய எத்தனையோ பேரைக் கணக்குப் புத்தகம் காட்டிக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இங்கே எச்சம்தான் கணக்குப் புத்தகம்.

கூண்டில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டேன். இருந்தது; விற்ற கடைக்காரரே ஒரு கிண்ணத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். தேங்கிநிற்கும் நீரைப் பச்சோந்தி பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. இலையில் உருளும் துளியை நக்கிக் குடிப்பதே அதன் இயல்பு. பையன் பாடசாலைக்குப் போகும் அவசரத்தில் சில விநாடிகள் தெளித்துவிட்டு ஓடியிருக்கிறான். அது கண்ணைக் கழுவவே காணாது. குடிக்கத் தொடங்குவதற்குச் சில நிமிடங்களாவது தூறல் விழவேண்டும். போதாக்குறைக்கு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது.

மிருக வைத்தியர் புதிய எச்சம் கேட்டார். காய்ந்தது உதவாது. மூடியுள்ள சிறு பாத்திரத்தில் இட்டு, உறையவிடாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு நாளுக்குள் கொண்டுவரச் சொன்னார். மீன்குழம்புச் சட்டிக்கு அருகே அந்தப் பாத்திரத்தைக் கண்ட என் மகள் எழுப்பிய குரல் கொழும்பு வரை கேட்டது. அவள் கோபத்திலும் நியாயமுண்டு. ஊர்வனவற்றின் எச்சத்தில் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவது கட்டாயம்.

நுணுக்குக்காட்டியில் புழு முட்டைகள் சில தென்பட்டன. ஆனால் அவை பச்சோந்தியின் புழுக்களல்ல, அது தின்ற வெட்டுக்கிளியின் குடற்புழுக்கள்; வழிப்போக்கர்களாக வந்து வெளியேறியவை. முட்டையைக் கண்டதும் மருந்து புகட்டியிருந்தால், ஏற்கெனவே நீர்வற்றிய சிறுநீரகத்துக்கு இன்னொரு சுமை ஏறியிருக்கும். வைத்தியர் மருந்து எழுதவில்லை. தூறல் நேரத்தைக் கூட்டவும், பகலில் சொட்டுச்சொட்டாக இலைமேல் நீர் விழ ஏற்பாடு செய்யவும் சொல்லி அனுப்பினார்.

பையன் இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறான். திகதி, வெள்ளையின் நிறம், மலத்தின் உருவம், தின்ற பூச்சிகளின் எண்ணிக்கை. மூன்று வாரப் பதிவுகளில் செம்மஞ்சள் மெல்ல மஞ்சளாகி, நேற்று வந்த படத்தில் நுனியில் மட்டும் நிற்கிறது. சிறுநீரகத்துக்குச் சேதம் எவ்வளவு என்பதை எச்சத்தைக் கொண்டு அறிய இயலாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அதற்கு இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். உள்ளங்கையளவு உடம்பில் ஊசி ஏற்றுவதா, இன்னும் சில வாரங்கள் குறிப்பேட்டை நம்பிக் காத்திருப்பதா என்று தாயும் மகனும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை வைத்தியரிடம் போகிறார்கள்.