லைன் வீட்டுக் கணக்கு

சிங்காநல்லூர்ப் பக்கத்து லைன் வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? மில் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். 'சி' என்னும் கம்ப்யூட்டர் பாஷையில் 'அர்ரே' என்பதும் அப்படித்தான். எண்கள் இடைவெளியின்றிக் குடியிருக்கும் லைன். 1972-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய பாஷை அது.

எத்தனை பேர் குடிவருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் கவலையில்லை. தெரியாவிட்டால்? 'மாலாக்' மூலம் வேண்டிய இடத்தைக் கேட்டு வாங்கலாம். அது போதாமற் போனால் 'ரீஅலாக்' இருக்கிறது. பக்கத்து அறை காலியாக இருந்தால் அங்கேயே நீட்டித் தரும். இல்லையேல் வேறிடத்தில் பெரிய லைன் பிடித்து, சாமான்களையும் மாற்றிவிட்டுப் பழையதைக் காலி செய்துவிடும்.

ஓர் ஆள் கூடும்போதெல்லாம் இப்படி வீடு மாறினால் என்ன ஆவது? ஆயிரம் பேர் சேருவதற்குள் 4,99,500 முறை சாமான் சுமக்க நேரலாம். ஒற்றை அறையில் தொடங்கி, நிறையும்போதெல்லாம் இடத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். 1,023 முறைக்குள் முடிந்துவிடும்! சில அறைகள் காலியாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

என் அண்ணி லைன் வீட்டில் வளர்ந்தவர். கல்யாணத்தோடு நின்ற படிப்பை, இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு மறுபடி தொடங்கியிருக்கிறார். வகுப்பில் எல்லோரும் சிறு பிள்ளைகள். 'நமக்கு இது ஏறுமா?' என்ற பயம் அவருக்கு. ஒருநாள் அவர்கள் எழுதிய புரோகிராம் சம்பந்தமில்லாத விடைகளாகக் கொட்டியது. பிள்ளைகள் விழித்தார்கள். அண்ணிக்குச் சட்டென்று விளங்கிவிட்டதாம். அர்ரே இடம் மாறிய பிறகும், ஒரு 'பாயிண்டர்' மட்டும் பழைய விலாசத்தையே பிடித்துக் கொண்டிருந்தது!

"ஏனுங்க தம்பி, வீடு மாறுன பொறவு பழைய வீட்டுக்குக் கடுதாசி போட்டா வந்து சேருமுங்களா?" என்று என்னிடம் கேட்டுச் சிரித்தார். இப்போது அந்தப் பிள்ளைகள் அவரிடம்தான் சந்தேகம் கேட்கிறார்கள்.

அண்ணி சொன்ன இன்னும் இரண்டு விஷயங்களையும் கேளுங்கள். இடம் கிடைக்காவிட்டால் 'ரீஅலாக்' 'நல்' என்று கையை விரித்துவிடும். அந்தப் பதிலைப் பழைய விலாசத்தின் மேலேயே எழுதிவிட்டால், இருந்த வீடும் எங்கே என்று தெரியாமல் போகும். ஆகவே பதிலைத் தனிச் சீட்டில் வாங்கிப் பார்த்த பிறகே விலாசத்தை மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும், 'ஃப்ரீ' சொல்லிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

'வீட்டில் இருந்தவளுக்கு என்ன தெரியும்?' என்று இனி யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: 'ஒரு சாமான் தொலையாமல் வீடு மாற்றத் தெரியும்!'