சுழி அடைபடாமல்

கொட்டாஞ்சேனையில் ஜெம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கைக்குள் அந்தப் பட்டறை இருக்கிறது. வெள்ளவத்தை காலி வீதியில் திறக்கவிருந்த ஒரு புடவைக் கடைக்கு அங்கே லைட் போர்ட் செய்துகொண்டிருந்தார்கள். 20 அடி நீளம், 4 அடி உயரம். அலுமினியச் சட்டம் தயார். முகத்துக்கு என்ன போடுவது என்பது மட்டும் முடிவாகவில்லை. எல்லோரும் ‘பாஸ்’ என்று கூப்பிடும் பெரியவர், கடை முதலாளியைப் பொழுதுபட்ட பிறகுதான் வரச் சொல்லியிருந்தார்.

“பகல்ல எல்லாம் ஒரே வெள்ளைதான் தம்பி. பின்னுக்கு லைட் போட்டாத்தான் அதுட குணம் தெரியும்.”

பட்டறையின் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, ஆழம் குறைந்த ஒரு பெட்டிக்குள் எல்ஈடி மொடியூல்களை எரியவிட்டு, மாதிரித் துண்டுகளை ஒவ்வொன்றாக மேலே வைத்தார். 3 மில்லிமீற்றர் பேர்ஸ்பெக்ஸில், அதாவது அக்ரிலிக் தகட்டில், ஒவ்வொரு மொடியூலும் தனித்தனிப் புள்ளியாகத் தெரிந்தது. 5 மில்லிமீற்றர் பால் வெள்ளையில் புள்ளிகள் கரைந்து ஒளி சமமாகப் பரவியது. பிளெக்ஸ் துணியில் வெளிச்சம் சற்று மங்கி, துணியின் இழை மெல்லியதாகத் தெரிந்தது. பெட்டியின் ஆழத்தைவிட மொடியூல்களுக்கிடையே இடைவெளி கூடினால் எந்தத் தகடும் புள்ளியை மறைக்காது என்றும் சொன்னார். அதனால் தகட்டைத் தெரிவுசெய்யும்போதே பெட்டியின் ஆழத்தையும் முடிவுசெய்கிறார்கள்.

முதலாளி கேட்டது வேறு. “அண்ணை, கல்லெறிஞ்சாலும் உடையாத சாமான் இருக்குதாமே?”

பொலிகாபனேட்டைத்தான் சொல்கிறார். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழரின் கடைகள் எரிந்ததைப் பார்த்த தலைமுறை அவர். பாஸ் அந்தக் கேள்வியைத் தட்டிவிடவில்லை. பொலிகாபனேட் துண்டைத் தரையில் போட்டுச் சுத்தியலால் அடித்தார். அடி பட்ட இடத்தில் ஒரு சிறு பள்ளம் விழுந்தது, வெடிப்பில்லை. பிறகு பட்டறைக் கூரையில் நெடுநாள் கிடந்த இன்னொரு துண்டை எடுத்துக் காட்டினார். வெயில் அதைப் பழுப்பாக்கியிருந்தது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சுள்ள தகட்டைத் தேடி வாங்கி, பூச்சுள்ள பக்கம் வெளியே வரும்படி பூட்டினால் பல வருடம் தாங்கும். ஆனால் விலை கூடும், துடைக்கத் துடைக்கக் கீறலும் விழும். முதலாளி அந்தப் பழுப்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றார்.

பிளெக்ஸ் என்பது பொலியெஸ்டர் நெசவின் மேல் பிவிசி பூசியது. சுருளாக வருவதால் 20 அடிக்கும் மூட்டே வராது. மாடிக் கட்டடத்தின் நெற்றி முழுவதையும் மறைக்கும் பலகையென்றால் அதுதான் சரி. விலையும் மலிவு. ஆனால் வெயிலில் தொய்ந்தால் சுருக்கம் விழும். பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது ஒவ்வொரு சுருக்கமும் ஒரு நிழற்கோடு. காலி வீதியின் வாகனப் புகையும், இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் கடலின் உப்புக் காற்றும் அதன்மேல் சீக்கிரம் படிந்துவிடும்.

கடைசியில் 5 மில்லிமீற்றர் பேர்ஸ்பெக்ஸ் என்று முடிவானது. தகடு 8 அடிக்கு 4 அடி. 20 அடிக்கு மூன்று தகடு வேண்டும், இரண்டு மூட்டு வரும். மூட்டு எங்கே விழுவது என்பதில் மறுநாள் காலை முழுவதும் போனது. எந்த எழுத்தின் நடுவிலும் அது விழக்கூடாது.

வெட்டியது இளைய பையன். உடைந்த ஹெக்ஸோ பிளேட்டின் நுனியைக் கொக்கிபோலத் தீட்டி வைத்திருந்தான். இரும்புச் சட்டத்தை அணைத்துப் பிடித்து, அதே கோட்டில் திரும்பத் திரும்ப இழுத்தான். வெள்ளைச் சுருள் சுருளாகத் தூள் வந்தது. பாதி ஆழம் போனதும் மேசை விளிம்பில் வைத்து ஒரே அழுத்து. படாரென்று நேராக உடைந்தது. இழுப்பு ஓரிடத்தில் தடுமாறியிருந்தால் தகடு வேறு பக்கம் ஓடியிருக்கும். பாதுகாப்புத் தாளை உரித்ததும் தகடு மின்னேற்றம் பெற்றுத் தூசியை இழுக்கிறது. உள்பக்கம் ஒட்டும் ஒவ்வொரு துணுக்கும் இரவில் கரும்புள்ளி. ஈரத்துணியால் அவன் துடைத்த பொறுமையை வீதியில் நின்று அண்ணாந்து பார்க்கிற எவரும் அறியப்போவதில்லை.

திருகாணித் துளைகளை ஆணியைவிடப் பெரிதாகவே போட்டான். காரணம் கணக்கு. ஒரு மீற்றர் பேர்ஸ்பெக்ஸ் ஒரு பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர் நீளும். இரவுக்கும் உச்சி வெயிலுக்கும் 25 பாகை வித்தியாசமென்றால் 8 அடித் தகடு 4 மில்லிமீற்றருக்கு மேல் விரிகிறது. இறுக்கிப் பூட்டினால் துளையிலிருந்து வெடிப்புத் தொடங்கும். தளர்வாக விட்டால் தென்மேற்குப் பருவக்காற்று தகட்டை உள்ளே தள்ளிப் பள்ளத்திலிருந்து கழற்றிவிடும். அலுமினியப் பள்ளத்தின் ஆழத்தை இந்த இரண்டுக்கும் நடுவில் பிடித்தார் பாஸ்.

அடுத்தது ஸ்டிக்கர். ஒளி ஊடுருவும் வகைதான் வேண்டும். சாதாரணச் சிவப்பு பகலில் குங்குமம்போல இருக்கும், பின்னால் லைட் போட்டால் காய்ந்த இரத்தத்தின் நிறத்துக்கு இருண்டுவிடும். இரண்டையும் எரியவிட்டுக் காட்டியபோது முதலாளியே மலிவான சுருளை ஒதுக்கினார்.

நான் பட்டறைக்குப் போனதற்குக் காரணமே எழுத்துத்தான். காலி வீதியில் பல கடைகளின் ஒளிப்பலகைகளில் ஆங்கிலப் பெயர் பெரிதாக நிற்கும், சிங்களமும் தமிழும் அதன் காலடியில் ஒடுங்கிக் கிடக்கும். ஒளிப்பலகையில் முதலில் அழிவது சின்ன எழுத்து. வெளிச்சம் விளிம்பைத் தாண்டிக் கசியும்போது ஆங்கிலத்தின் நேர்க்கோடுகள் தாங்கிக்கொள்கின்றன. தமிழின் சுழிகள் அடைபட்டுப் போகின்றன. “கூறைச் சேலை” என்ற இரண்டு சொற்களை மெரூன் பின்னணியில் வெள்ளையாக விட்டு எரியவைத்தார்கள். பட்டறைக்கு வெளியே ஒழுங்கையின் மறுகரையில் நின்று பார்த்தேன். ‘கூ’வின் வளைவு திரண்டுவிட்டது. ‘றை’யின் இரட்டைச் சுழி ஒரு வெள்ளை உருண்டை.

1958இல் கொழும்பில் கடைப் பலகைகளின் தமிழ் எழுத்துகளில் தார் பூசினார்கள். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. இவ்வளவுக்குப் பிறகு வீதியில் ஏறிய தமிழ், தகட்டின் தடிப்பிலும் மொடியூலின் பிரகாசத்திலும் வாசிக்க முடியாமல் போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இதைப் பாஸிடம் சொன்னேன்.

அவர் கணினியில் எழுத்தைத் திறக்கச் சொல்லிப் பையனிடம் சுழிகளின் உள்வட்டத்தைப் பெருப்பிக்க வைத்தார். எழுத்துக்கிடையே இடைவெளியும் கூட்டினார். அச்சில் பார்க்க அந்த எழுத்து வாய் பிளந்தது மாதிரி இருந்தது. எரியவிட்டதும் சரியாக அமர்ந்தது. மின்னோட்டத்தைக் குறைக்க ஒரு டிம்மரும் போட்டார். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனதையும், அந்த ஆகஸ்டில் கட்டணம் சராசரி 75 சதவீதம் ஏறியதையும் அனுபவித்த முதலாளி அதற்கு உடனே சம்மதித்தார்.

தமிழ் வரியின் உயரத்தைக் கூட்ட மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. ஆங்கிலப் பெயர் ஏற்கெனவே பதிந்த அடையாளம், அதைக் குறுக்க முடியாது என்றார். பாஸ் வாதாடவில்லை. மேலும் கீழும் அலங்காரத்துக்கு விட்டிருந்த தங்கக் கரைகளை எடுத்துவிட்டால் இரண்டு அங்குலம் கிடைக்கும் என்று அளந்து காட்டினார். சிங்களத்துக்கு ஓர் அங்குலம், தமிழுக்கு ஓர் அங்குலம். முதலாளி தன் மகளுக்குப் படம் அனுப்பிக் கேட்டார். கரை போகட்டும் என்று பதில் வந்தது. பையன் புதிய அளவில் ஸ்டிக்கரை வெட்டத் தொடங்கினான்.