மீனின் தலை பத்தொன்பதில், வால் இருபதில்

பள்ளிகளில் பிள்ளைகளைக் கூட்டாக ஓவியம் வரையவைப்பவர்கள் பெரும்பாலும் படத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே சறுக்கிவிடுகிறார்கள். மோனலிசாவை நாற்பது கட்டமாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குக் கண் கிடைக்கும், இன்னொன்றுக்கு அந்தப் பேர்பெற்ற உதடு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இருண்ட உடுப்பும் மங்கலான மலையும்தான். வகுப்பிலேயே நன்றாக வரைபவன் உதட்டை வாங்கிக்கொள்வான். மிச்சப் பேர் கறுப்பு அடித்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பெயர் கூட்டு வேலையா?

புதுக்கோட்டைப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஓவிய ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு எடுத்துக்கொடுத்தது சித்தன்னவாசல் தாமரைக் குளம். ஏன் அது என்று கேட்டேன். “அதுல கதாநாயகன் கிடையாது சார்” என்றார்.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில் இருக்கிறது சித்தன்னவாசல் குன்று. குடைவரைக்கு அறிவர் கோயில் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமணர் அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. எடுப்பித்தவர் பெயர் இருக்கிறது, தீட்டியவர்கள் பெயர் இல்லை. விதானம் முழுக்கக் குளம்: இலை, மொட்டு, விரிந்த பூ, நடுநடுவே மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சமவசரணத்துக்குப் போகும் வழியில் உள்ள நீர்நிலை இது என்பார்கள் சமண மரபு அறிந்தவர்கள்.

பிள்ளைகளை முதலில் அங்கேதான் கூட்டிப்போயிருக்கிறார். அண்ணாந்து பார்த்த கூட்டம், “சார், ஒண்ணுமே தெரியலையே” என்றதாம். நியாயம்தான். காலத்தாலும் ஆள் கைபட்டும் நிறைய உதிர்ந்துபோன ஓவியம் அது. கண் பழகுவதற்கு நேரம் பிடிக்கும். “மீன் எத்தனைன்னு எண்ணுங்கடா” என்று சொன்ன பிறகுதான் சத்தம் அடங்கியிருக்கிறது. ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். யார் கணக்குச் சரி என்ற சண்டை திரும்பி வரும் பேருந்திலும் ஓயவில்லையாம்.

இந்த ஆசிரியர் இளவயதில் திருச்சியில் ஒரு சினிமா பேனர் பட்டறையில் இருந்தவர். ஸ்டில் போட்டோவின் மேல் பென்சிலால் கட்டம் போடுவார்கள். துணியின் மேல் நூலில் பொடி தடவிச் சுண்டிப் பெரிய கட்டம் போடுவார்கள். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து ஏற்றினால் ஒரு சாண் முகம் இருபது அடி முகமாக எழுந்து நிற்கும். “மாஸ்டர் கடைசியா வந்து முகத்தைத் தொடுவாரு. நாங்க சட்டை, வானம், எழுத்துக்குள்ள கலர் ரொப்புறது. அங்க இருந்த வரைக்கும் நான் ஒரு மூக்கு போட்டதில்ல சார்.” பிளக்ஸ் வந்தது, பட்டறை மூடப்பட்டது. கட்டம் போடும் வித்தை மட்டும் கையோடு வந்துவிட்டது. ஒரு முகம் மட்டும் முன்னுக்கு நிற்காத படமாக ஏன் தேடினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நான் போனபோது வேலை பாதியில் இருந்தது. மாடி வராந்தாவில் பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டுத் தரையில் பரப்பியிருந்தார்கள். நாற்பது பிள்ளைகள், நாற்பது கட்டம், நீளவாக்கில் எட்டு, குறுக்கே ஐந்து. கட்டம் ஒன்று பதினோரு அங்குலச் சதுரம். 22-க்கு 28 அங்குல சார்ட் ஒன்றில் நான்கு சதுரம் வெட்டியதுபோக ஆறு அங்குலப் பட்டை மிஞ்சும். அந்தப் பட்டையில்தான் கலர் ஒத்திப் பார்க்கிறார்கள். பத்து சார்ட்டில் மொத்த வேலையும் முடிகிறது. ஒவ்வொரு சதுரத்தின் முதுகிலும் எண், மேல்பக்கம் எது என்று காட்ட ஒரு அம்புக்குறி. அம்புக்குறி இல்லாவிட்டால் யானை தலைகீழாக நீந்தும்.

அவருடைய பாடமெல்லாம் சதுரத்தின் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. பென்சில் எடுத்ததும் யாரும் பூ வரையக் கூடாது. பக்கத்துச் சதுரத்துக்காரரோடு தாளை ஒட்டி வைத்து, கோடு எங்கே எல்லை தாண்டுகிறதோ அங்கே இரண்டு தாளிலும் படும்படி ஒரே இழுப்பில் குறி போட வேண்டும். நான்கு பக்கமும் இப்படிக் குறித்து முடித்ததும், அண்டை வீட்டார் ஒவ்வொருவரும் சதுரத்தின் முதுகில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து முழுசாக விழாமல் கலர் கிடையாது. நடுச்சதுரத்துக்கு நான்கு கையெழுத்து, ஓரத்துக்கு மூன்று, மூலைக்கு இரண்டே போதும். ஆகவே மூலைக்கு ஏகப்பட்ட கிராக்கி. குலுக்கல் போட்டுத்தான் பிரித்திருக்கிறார்.

பத்தொன்பதாம் எண்ணுக்கும் இருபதாம் எண்ணுக்கும் அன்று தகராறு. ஒரு மீன் எல்லையில் மாட்டிக்கொண்டிருந்தது. தலை பையனுடையது, வால் பக்கத்துப் பெண்ணுடையது. பையன் நல்ல கைகாரன். குறியைப் பொருட்படுத்தாமல் தலையைக் கொழுக்கப் போட்டுவிட்டான். அந்தப் பெண் குறிப்படியே வாலை வரைந்திருந்தாள். சேர்த்து வைத்தால் விரால் தலைக்கு அயிரை வால்.

“அழகா இருக்கறது என்னோடதுதானே சார்? அவ மாத்தட்டும்” என்றான்.

“அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா உன் மீன் செத்துப்போச்சே. ரெண்டு துண்டா கிடக்கு பாரு.”

இதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நகர்ந்து வேறு சதுரத்தைப் பார்க்கப் போய்விட்டார். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு அந்தப் பெண், “முதுகுக் கோட்ட நீ இறக்கு, வயித்துக் கோட்ட நான் இறக்கிக்கிறேன்” என்றாள். ரப்பர் கைமாறியது. குறியிலேயே நிற்க அவளுக்கு உரிமை உண்டு. அவளும் இறங்கி வந்ததுதான் எனக்குப் பிடித்திருந்தது.

கலர் விஷயத்தில் அவர் ஜனநாயகம் பார்ப்பதில்லை. ஆளாளுக்குப் பச்சை கலந்தால் நாற்பது பச்சை வரும். எனவே இரண்டு பிள்ளைகள் “கலர் கடை” நடத்துகிறார்கள். பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் இலைப்பச்சை, தாமரைச் சிவப்பு, காவி, சுண்ண வெள்ளை, கறுப்பு. அங்கிருந்துதான் எல்லோரும் வாங்கிப்போக வேண்டும். பழைய ஓவியர்களுக்கும் சுண்ணச் சாந்தின் மேல் கைக்கெட்டிய சில வண்ணங்கள்தான். அந்தக் குளம் இன்றும் ஒரே குளமாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சிக்கலான இடம் முப்பத்தொன்று. அந்தச் சதுரத்தில் படமே இல்லை, உதிர்ந்த சாந்து மட்டும். குலுக்கலில் அது விழுந்த பெண் முதல் நாள் அழுதிருக்கிறாள். பூ ஒன்றைக் கற்பனையாகப் போட்டுக்கொள்ளட்டும் என்று பாதிப் பேர், உள்ளது உள்ளபடிதான் இருக்க வேண்டும் என்று பாதிப் பேர். கடைசியில் வகுப்பே ஒரு விதி செய்தது. பக்கத்துச் சதுரத்திலிருந்து கோடு ஏதாவது உள்ளே வந்தால் அது எங்கே போகுமோ அதுவரை இழுக்கலாம். வராவிட்டால் சாந்தையே வரையணும். மேலிருந்து ஒரு தண்டு உள்ளே இறங்கியது. அதை நான்கு விரல் தூரம் இழுத்துத் தேய்ந்துபோக விட்டுவிட்டு, மீதி இடமெல்லாம் வெள்ளை, காவி, துளிக் கறுப்பு என்று விரலாலேயே ஒத்தி எடுத்திருந்தாள். நாற்பதிலும் தேர்ந்த வேலை அதுதான் என்பேன். அந்தக் குன்றின் பாறையைத் தொட்டுப் பார்த்த கை அது.

எல்லாம் ஒட்டி முடித்தபோது ஏழடிக்கு மேல் நீளம். கூர்ந்து பார்த்தால் ஏழெட்டு இடத்தில் கோடு கால் அங்குலம் தப்பியிருக்கிறது. சரிசெய்யட்டுமா என்று பிள்ளைகள் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓரத்தைத்தான் பாடமாக வைத்தவர் ஓரத்தை விட்டுக்கொடுத்திருக்க வேண்டாம். சொன்னேன். சிரித்துவிட்டு, பசை காய்ந்துவிட்டது என்றார்.

அவர் பகுதி நேர ஆசிரியர். 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, இசை, கணினி சொல்லித்தர எடுக்கப்பட்ட பதினாறாயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவர். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். பின்னர் சில தடவை கூட்டினார்கள். பணி நிரந்தரம் கேட்டு இவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடிய செய்தி அவ்வப்போது நாளிதழில் ஒரு பத்தியாக வரும், நாமும் புரட்டிவிட்டுப் போயிருப்போம். தாமரைக் குளத்தை ஒட்டிய மாலைகள் எதுவும் அந்த அரை நாள் கணக்கில் சேராது. அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்குப் போகும்போது, ஓவிய வகுப்பு நடக்கிறதா, அதை எடுப்பவருக்கு முழுநேர வேலை இருக்கிறதா என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.